அந்தோனியாருக்குக் கொடுத்த ஸ்பிரிங்

அன்புள்ள மகன்,

உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஏதும் சொல்வதென்றால் போன் இருக்கிறது. ஆனால் போனில் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்தது பின்னுக்குப் போய்விடும். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். பதினொரு வருடமாக அப்படியே வைத்துக்கொண்டு வருகிறேன். அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தையும் சாப்பிட்டாயா என்று கேட்டே முடித்துவிடுவேன். அப்பாவின் கால் உன்னால் உடையவில்லை. நீ செய்த வண்டியில் ஒரு ஸ்பிரிங் கழன்று விழுந்ததால்தான் அந்த விபத்து நடந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது கழன்று விழவில்லை. நான் கழற்றினேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நீ இப்போது கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. முழுவதையும் படி. கோபப்படுவதாக இருந்தாலும் எதற்குக் கோபப்படுகிறாய் என்று தெரிந்துகொண்டு கோபப்படு. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பயந்ததால் வந்த வினைதான் இவ்வளவும்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பாய். போன ஞாயிறு பூசை முடிந்து டிலானியின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். உங்கள் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தானே இருக்கிறது, சேலைக் கதை, கேக் கதை எல்லாம் கதைத்தோம். போகிற நேரம் அவர் ஒன்று சொன்னார். சிலாபத்தில் படகு எஞ்சின் திருத்தும் பட்டறை வைத்திருக்கும் அவருடைய தமையன் லோரன்ஸ், பிள்ளைகள் இல்லாத மனிதர், அந்தப் பட்டறையை உன்னைப் பொறுப்பெடுக்கச் சொல்லிக் கேட்டாராம். நீ மாட்டேன் என்றாயாம். ஏன் என்று டிலானி கேட்டதற்கு வலது உள்ளங்கையை விரித்துக் காட்டி, "இது எங்கப்பாவ நொண்டியாக்கின கை. இத இனி எஞ்சின்ல வைக்க மாட்டன்" என்றாயாம். டிலானியின் அம்மா இதைக் குறையாகச் சொல்லவில்லை. எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று மெச்சித்தான் சொன்னார். நான் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். லோரன்ஸ் கல்யாணம் முடியும்வரை உன் பதிலுக்குப் பார்த்திருப்பாராம், அதற்குப் பிறகு வேறு ஆளைச் சேர்ப்பாராம்.

நீ கொழும்பில் தரை ஓடு விற்கும் கடையில், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கு ஓட்டின் நிறம் காட்டிக்கொண்டிருக்கிறாய். நல்ல தொழில்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆறு வயதில் என் மேசை மணிக்கூட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டிய பிள்ளை நீ. ஒரு மோட்டார் சைக்கிளில்கூட ஏறாமல், பஸ்ஸில் நெரிபட்டுக்கொண்டு திரிகிறாய். எவருக்கும் எஞ்சின் பழுதென்றால் எழும்பி அடுத்த பக்கம் போய்விடுகிறாய். நீ சோம்பேறியாகிவிட்டாய், கொழும்புக்காரன் ஆகிவிட்டாய் என்று ஊரில் கேலி செய்தபோதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். உண்மை எனக்குத் தெரிந்தும் சிரித்திருக்கிறேன், மகன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்.

என் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நியாயம் சொல்வதற்கு இல்லை, நீ என்னை எப்போதும் பயந்தாங்கொள்ளி என்று பகிடி பண்ணுவாயே, அது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது. சண்டைக் காலத்தில் நீ சிறு பிள்ளை. அப்போது கடலுக்குப் போவதற்குப் பாஸ் வேண்டும், படகு எஞ்சினுக்குப் பத்திரம் வேண்டும், பத்திரத்தில் உள்ள இலக்கமும் எஞ்சினில் உள்ள இலக்கமும் ஒத்துப்போக வேண்டும். உன் சின்ன மாமாவின் பத்திரத்தில் யாரோ எழுதும்போது ஒரு இலக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டார்கள். அந்த ஒரு இலக்கத்துக்காக நேவிக்காரர்கள் அவனைக் கொண்டுபோய் மூன்று கிழமை வைத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போய் முகாம் வாசலில் நின்றேன். ஒரு நாளும் உள்ளே விடவில்லை. அவன் திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இன்றைக்கும் யாரும் கதவைத் தட்டினால் அவன் முதலில் பின்கதவைத்தான் பார்ப்பான். அந்த மூன்று கிழமையில் எனக்குள் போய் இருந்த பயம், சண்டை முடிந்த பிறகும் வெளியே வரவில்லை. முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள், அந்தப் பயம் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் நீ ஒரு நாள் இலக்கமில்லாத எஞ்சின் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தாய். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. தென்னை தறிக்கிற சவிரி அண்ணனின் மரம் அறுக்கும் மெசின் மேல் ஒரு மரக்குற்றி விழுந்து, வாளும் பிடியும் நொறுங்கி, எஞ்சின் மட்டும் தப்பியிருந்தது. இரண்டு நாள் அவருக்குக் குற்றி உருட்டிக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டாய். சாக்கைப் பிரித்ததும் நான் முதலில் தேடியது இலக்கத் தகட்டைத்தான். அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைதான் இருந்தது. இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று சொன்னேன். நீ சிரித்தாய். இது தென்னை வெட்டுகிற மெசின், அம்மா, கப்பல் எஞ்சின் இல்லை என்றாய்.

உன் திட்டம் நல்ல திட்டம், அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா கடலால் வந்து மீன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த மணலில் றோட்டு வரைக்கும் நடப்பதை நீ சின்ன வயது முதல் பார்த்தவன். ஐஸ் கரைவதற்குள் போக வேண்டும் என்று அவர் ஓடுவார், மணல் காலைப் பிடித்து இழுக்கும். அதற்காகத்தான் அந்த வண்டி. நான் கல்யாணம் செய்தபோது என் வீட்டில் தந்த இரும்புக் கட்டிலை, துருப்பிடித்துவிட்டது என்று சொல்லி அறுத்தாய். நீ பிறந்த கட்டில் அது, கேளாமல் அறுத்துவிட்டுப் பிறகு வந்து கேட்டாய். பழைய ஸ்கூட்டர் சக்கரம் மூன்று, கால் உடைந்த பிளாஸ்ரிக் கதிரையின் மேல் பாதி, சைக்கிள் பிறேக், சைக்கிள் சங்கிலி. மெசினின் பிடி நொறுங்கிப்போனதால் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேறொரு சைக்கிள் பிறேக் பிடியைப் பூட்டிக் கம்பி இழுத்தாய். எல்லாவற்றையும் குசினிக்குப் பின்னால், நான் தேங்காய் திருவும் இடத்துக்கு நேரே போட்டுக்கொண்டு வேலை செய்தாய். முதல் நாள் அது சத்தம் போட்டபோது கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன, நான் திருவலையை விட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன். நீயும் அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

சத்தம் கேட்டு நேவிப் பொடியன் ஒருவன் வந்தானே, ஞாபகம் இருக்கிறதா? முகாமில் இருந்து சாமான் வாங்க வந்தவன். அவன் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்ததைக் கண்டதும் நான் அடுப்படியில் இருந்து எழும்பி வந்துவிட்டேன். அடுப்பில் இருந்த சோற்றை மறந்து, சின்ன மாமாவுக்கு அன்று கட்டிக்கொண்டுபோன பாண் பார்சல்தான் கண்ணில் வந்தது. அவன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். உன்னோடு சிங்களத்தில் என்னவோ கதைத்தான். நீ பதில் சொன்னாய். பிறகு அவன் தொப்பியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, வண்டியில் ஏறி முற்றத்தை ஒரு சுற்று சுற்றி வந்தான். தன் அப்பாவுக்கும் வயலில் இப்படியொன்று இருந்தால் நல்லது என்று சொன்னதாக நீ பிறகு சொன்னாய். அவனுக்கு நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், சீனி போட மறந்துவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மா சொல்லவில்லை. நான் ஒரு பக்கத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். வர இருந்ததோ வேறு பக்கத்தால் வந்தது, நானே கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

அவன் போன பிறகும் எனக்குப் பயம் போகவில்லை, இடம்தான் மாறியது. நேவிக்குப் பயந்தது போய் வண்டிக்கே பயப்படத் தொடங்கினேன். இது கவிழும், இது பற்றி எரியும், இதன் சங்கிலி நீ இடுப்பில் கட்டியிருக்கும் சாரத்தைப் பிடிக்கும் என்று நாள் முழுவதும் நச்சரித்தேன். நீயும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, விபத்துக்கு முந்திய அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் எரிந்து விழுந்தாய். "ஒங்கட பயத்த கொண்டுபோய் அந்தோனியார்ட்ட குடுங்க அம்மா, என்னட்ட தராதீங்க" என்றாய். சொல்லிவிட்டு எண்ணெய் வாங்கப் போய்விட்டாய். நீ கோபத்தில் சொன்னதுதான். நான் அதை அப்படியே செய்தேன்.

எங்கள் கரை வழக்கம் உனக்குத் தெரியும், ஆனால் டிலானி சிலாபத்துப் பிள்ளை, அவளுக்கும் விளங்கட்டும் என்று எழுதுகிறேன். புதுச் சாமான் எது வந்தாலும் அதில் ஒரு சிறு துண்டைக் கொண்டுபோய் கடற்கரையில் நிற்கும் அந்தோனியார் சுருவத்தின் காலடியில் உள்ள பெட்டியில் போடுவோம். புது வலையென்றால் ஒரு சாண் நூல், புதுப் படகென்றால் ஒரு மரச்சீவல், புது வீடென்றால் ஒரு ஆணி. பைபர் படகு வந்த பிறகு அதன் தூளைக்கூடச் சீலைத் துண்டில் முடிந்து கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். துண்டு அவர் காலடியில் இருந்தால் முழுவதையும் அவர் பார்த்துக்கொள்வார். அப்பாவின் மூன்று படகுக்கும் நான் அப்படிச் செய்திருக்கிறேன், மூன்றும் கரைக்குத் திரும்பி வந்த படகுகள். ஆகவே உன் வண்டிக்கும் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அது பிழையான நினைப்பு இல்லை. உன்னிடம் கேட்டிருந்தால் ஒரு பழைய ஆணியையோ, கட்டிலில் மிஞ்சிய இரும்புத் துண்டையோ தந்திருப்பாய். ஆனால் காலையில்தான் நீ அப்படிச் சொல்லியிருந்தாய், எனக்குக் கேட்க ரோசம் வந்தது. கேட்டால் இன்னொரு தரம் சிரிப்பாய் என்ற பயமும் இருந்தது.

நீ இல்லாத நேரம் வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். இரும்பெல்லாம் காய்ச்சி ஒட்டியிருந்தது. ஆணிகள் என் கைக்கு அசையவில்லை. எஞ்சின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பிரிங் இருந்தது, ஒரு தலை ஒரு கொளுக்கியிலும் மற்றத் தலை இன்னொரு கொளுக்கியிலும் சும்மா மாட்டியிருந்தது. பழைய கசெட் ரேடியோவில் இருந்து நீ கழற்றியது. பாரத்தைத் தாங்கவில்லை, எதையும் பிடித்திருக்கவில்லை, என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. இது இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது என்று எண்ணினேன். விரலால் தூக்கினேன், வந்துவிட்டது. கைலேஞ்சியில் முடிந்துகொண்டு போய், முழங்காலில் நின்று, என் பிள்ளையை இதில் இருந்து காப்பாற்றும் என்று மன்றாடிவிட்டுப் பெட்டியில் போட்டேன். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் பல நாளைக்குப் பிறகு எனக்கு நெஞ்சு இளகியது. அன்றைக்கு மத்தியானம் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

வலைக்கு ஒரு சாண் நூல் மிச்சம், படகுக்கு ஒரு சீவல் மிச்சம். எஞ்சினில் மிச்சமான சாமான் என்று ஒன்று இல்லை என்பது எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? பிடியை அமத்தினால் வேகம் கூடும் என்பதும், கையை விட்டால் அந்த ஸ்பிரிங்தான் இழுத்து வேகத்தைக் குறைக்கும் என்பதும் நான் அறிந்தது ஆஸ்பத்திரி விறாந்தையில், நீ சின்ன மாமாவுக்கு அழுது அழுது விளங்கப்படுத்தியபோது.

புதன்கிழமை காலையை நான் நீட்டி எழுதப்போவதில்லை. அப்பா மீனோடு வந்தார். பெட்டியை வண்டியில் ஏற்றினீர்கள். மீனோடு போகும் முதல் ஓட்டம் அப்பாதான் ஓட வேண்டும் என்று நீதான் அவரைக் கதிரையில் இருத்தினாய், நீ கயிற்றை இழுத்து எஞ்சினை எழுப்பினாய். ஈர மணலில் அது எவ்வளவு அழகாக ஓடியது! அப்பா ஒரு கையைத் தூக்கிக் காட்டினார், நான் வாசலில் நின்று சிலுவை போட்டேன், எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று அந்தோனியாருக்கு நன்றிகூடச் சொன்னேன். பிறகு தென்னந்தோட்டப் பக்கம் திரும்பும் இடத்தில் அவர் பிடியை விட்டார். சத்தம் குறையவில்லை. நீ ஓடத் தொடங்கினாய். "சுவிச்ச அமத்துங்க, சுவிச்ச" என்று கத்தினாய். சுவிச் கதிரைக்குப் பின்னால் இருந்தது, அவருக்கு எட்டவில்லை. சைக்கிள் பிறேக் அந்த எஞ்சினுக்கு என்ன செய்யும்? வேலியின் சீமெந்துத் தூணுக்கும் கட்டில் இரும்புக்கும் நடுவில் அவருடைய கால் அகப்பட்டது. கவிழ்ந்து கிடந்தும் எஞ்சின் நிற்கவில்லை, சக்கரம் மேலே சுற்றிக்கொண்டே இருந்தது. நீ சூட்டையும் பார்க்காமல் உள்ளே கையை விட்டுப் பிளக்கின் வயரைப் பிடுங்கினாய். அப்போதுதான் உன் உள்ளங்கை வெந்தது. டிலானிக்கு நீ விரித்துக் காட்டிய கை, அப்பாவைக் காப்பாற்றிய கை, மகன்.

சுவிச்சைப் பின்னால் வைத்தது உன் பிழை. அதை நான் என் தலையில் போட்டுக்கொள்ள மாட்டேன், உனக்கும் அது தெரியும். பத்தொன்பது வயதில் ஒருவன் விடக்கூடிய பிழை, ஒரு தரம் விட்டால் பிறகு ஆயுளுக்கும் விடமாட்டான். ஆனால் ஸ்பிரிங் இருந்திருந்தால் அந்தச் சுவிச்சுக்கு அன்று வேலையே வந்திராது.

ஸ்பிரிங்கைக் கழற்றியது அறியாமை, அதற்குக் கடவுள் ஏதும் கழித்துத் தருவார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு செய்ததற்கு அப்படி ஒன்றும் இல்லை. அப்பாவைப் புத்தளம் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த அடுத்த நாள், நீ அந்தப் பாதை முழுவதும் முழங்காலில் நின்று மணலைச் சல்லடை போட்டு அரித்தாய். கையில் கட்டுப் போட்டிருந்தது, இடது கையால் அரித்தாய். நான் தேத்தண்ணி கொண்டுவந்தேன். நீ நிமிர்ந்து, "அம்மா, ஒரு சின்ன ஸ்பிரிங் எங்கயாச்சும் கண்டீங்களா? கழண்டு விழுந்திருக்கு. நான் சரியா மாட்டல்ல போல" என்று கேட்டாய்.

நான் "இல்ல" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு நீ மூன்று நாள் தேடினாய். நான் மூன்று நாளும் சமைத்துப் போட்டேன். நாலாம் நாள் சல்லடையைக் கழுவிக் குசினியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, உன் சாவிகள், குறடுகள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிச் சவிரி அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்பா வீட்டுக்கு வரட்டும் என்று இருந்தேன். வந்த பிறகு, அவர் நடக்கட்டும் என்று இருந்தேன். அவர் தடியோடு நடந்தார், ஆனால் ஆடுகிற படகில் நிற்க அந்தக் காலால் முடியவில்லை, கடல் தொழில் போய்விட்டது. அதைக் கண்ட பிறகு எனக்கு வாய் திறக்கவே முடியவில்லை. நாள் போகப் போகச் சொல்வது இலேசாகும் என்று நினைத்தேன். அது மறுபக்கமாகத்தான் நடந்தது. முதலில் ஸ்பிரிங்குக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருந்தது, பிறகு மறைத்த ஒவ்வொரு நாளுக்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஒரு வருடம் பாவசங்கீர்த்தனத்தில் எங்கள் பங்குச் சுவாமியிடம் சொன்னேன். பாவம் மன்னிக்கப்பட்டது, ஆனால் மகனிடம் சொல்லாமல் அவன் தோளில் ஏற்றிய பாரம் இறங்காது என்றார். அடுத்த வருடம் நான் வேறு கோயிலுக்குப் போய் வேறு சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன், அவரிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை. சிரிப்பாய் இருந்தால் சிரி. உன் அம்மா கடவுளையே சுற்றிக்கொண்டு போகப் பார்த்தவள்.

டிலானியின் அம்மா வந்துபோன மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். அவர் கொட்டிலில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை ஊசி ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். "என்னப் பாத்தா பயம்?" என்றார். அவரைப் பார்த்து இல்லை, நீ என்னை அம்மா என்று கூப்பிடாமல் விட்டுவிடுவாயோ என்று பயம் என்றேன். அவர் தடியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார், சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவினார். முப்பத்திநாலு வருடத்தில் அவர் கோப்பை கழுவி நான் கண்டதில்லை, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்து இருந்தேன். மூன்றாம் நாள் வந்து எனக்கு முன்னால் இருந்தார்.

"காலு என்ட. அத நான் மன்னிக்கலாம், மன்னிச்சிட்டன். கை அவன்ட. அதுக்கு நீ அவன்ட்டத்தான் போகணும்" என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். உன்னிடம் நான் கேட்பது லோரன்ஸுக்கு ஓம் என்று சொல் என்பதில்லை. ஓடு விற்பதுதான் பிடிக்கும் என்றால் அதையே செய். ஆனால் உன் கை பொல்லாத கை என்று நினைத்து மாட்டேன் என்று சொல்லாதே, ஏனென்றால் அது பொய், அந்தப் பொய் என்னுடையது. இன்னொருவரின் பொய்யை வைத்துக்கொண்டு நீ உன் வாழ்க்கையை அளக்காதே.

கல்யாணம் செய்யப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம். இவ்வளவு எழுதிய பிறகு புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? என்றாலும் ஒன்றைச் சொல்கிறேன், பட்டறிந்தது என்பதால். டிலானி எதற்கும் பயந்தால் சிரிக்காதே. அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அதைக் கழற்றிக் காட்டு, இது இதற்கு, அது அதற்கு என்று சொல்லு. அவளும் உனக்கு அப்படிச் செய்யட்டும். பயந்த ஆளைத் தனியே விட்டால் அந்த ஆள் சும்மா இருக்க மாட்டார், எதையாவது பிடுங்குவார். நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், அது என் பிழை. நீ ஒரு தரம் காட்டித் தந்திருக்கலாம், அது உன் பிழை என்று சொல்ல மாட்டேன், ஆனால் காட்டித் தந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

கல்யாணத்தன்று கோயிலுக்குப் புறப்படுமுன் தாய் தகப்பன் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பது வழக்கம். அந்த நேரத்தை நினைத்து எத்தனையோ நாளாக நான் வேலை செய்யும் கை அப்படியே நின்றுவிடுகிறது. நீ நெற்றியைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் செய்ய மாட்டேன். அப்பா மட்டும் ஆசீர்வதிக்கட்டும், நான் பின்னால் நின்று பார்க்கிறேன். நீ என்னை வர வேண்டாம் என்று சொன்னாலும் அது உன் உரிமை. ஆனால் சொல்லாமல் விட்டுவிட்டு, ஒன்றும் நடவாதவள் போல உன் நெற்றியில் கை வைக்க இனி என்னால் முடியாது.

இந்தக் கடிதத்தை இதற்கு முன் இரண்டு தரம் எழுதினேன். இரண்டும் அடுப்புக்குள் போய்விட்டன. தபாலில் போட்டாலும் நான் தபால் கந்தோருக்கு ஓடிப்போய்த் திருப்பிக் கேட்பேன் என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால் தானே கொண்டுவந்து உன் கையில் தருகிறாராம். அவ்வளவு தூரம் பஸ்ஸில் அந்தக் காலோடு போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசல் கதிரையில் தடியோடு இருக்கிறார். முடிந்ததா, முடிந்ததா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். புத்தளத்துக்கு முதல் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும் நேரம் இது.

இன்னும் எழுத ஆசையாக இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்வரை நீ ஒன்றும் அறியாதவன், நான் உன் பழைய அம்மா. முடித்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

சந்தியில் பஸ் ஹோன் அடிக்கிறது. அப்பா எழும்பிவிட்டார். கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பயமாகத்தான் இருக்கிறது, மகன். கொடுக்கிறேன்.

அம்மா